குதிரையின் ஹாக் மூட்டு: வீக்கமும் நொண்டலும்

கேள்வி: குதிரையின் பின்னங்கால் முட்டி மட்டும் ஏன் பின்பக்கம் பார்த்து இருக்கிறது?

பதில்: அது முட்டியன்று, நம் கணுக்காலுக்கு நிகரான ஹாக் மூட்டு. அதன் பின்புறம் கூராகத் துருத்தி நிற்பது குதிகால் எலும்பு. உண்மையான முழங்கால் அதற்கும் மேலே, வயிற்றோரமாக இருக்கிறது. வெளியே ஒன்றாகத் தெரியும் ஹாக்கினுள் ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு மூட்டுகள் உள்ளன. கால் மடங்கி நீள்வது ஏறத்தாழ முழுவதும் மேல் மூட்டில்தான். கீழ் இரண்டும் மிகக் குறைவாகவே அசைந்தாலும், ஓட்டத்தின் அதிர்வைத் தாங்குவதில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு.

கேள்வி: என் இரண்டு வயதுக் குட்டிக்கு ஹாக்கின் முன்புறம் எலுமிச்சம்பழ அளவில் மெத்தென்று வீங்கியிருக்கிறது. நொண்டவில்லை. சூடு போடலாம் என்கிறார்கள்.

பதில்: வேண்டாம். அது மேல் மூட்டில் மிகுந்துவிட்ட மூட்டுநீர். முன்புற வீக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால், பின்புறம் வைத்திருக்கும் மற்றக் கைக்கு அந்த நீர் வந்து முட்டுவது தெரியும். இளங்குதிரையில் இதற்குப் பெரும்பாலும் காரணம், குருத்தெலும்பு சரியாக வளராமல் சிறு துண்டாகப் பிரிவதே. எக்ஸ்-ரேயில் அது தெரிந்தால் மூட்டுக்குள் விட்டுப் பார்க்கும் நுண்கருவி மூலம் அகற்றலாம். சூடு போட்டால் தோல் வெந்து குட்டி வதைபடுமே தவிர, உள்ளிருக்கும் துண்டு அப்படியே இருக்கும். ஊசியால் நீரை உறிஞ்சினாலும் மறுபடி ஊறும். ஊசி சுத்தமில்லையென்றால் மூட்டே சீழ்பிடிக்கும்.

கேள்வி: குதிகால் முனையில் தொப்பி போட்டதுபோல் வீக்கம்?

பதில்: சுவரை உதைத்ததால் வந்திருக்கும். பெரும்பாலும் அழகுக்குறைதான்.

கேள்வி: பன்னிரண்டு வயதுக் குதிரை. வீக்கமே இல்லை, ஆனால் காலையில் விறைப்பாக நடந்து, போகப்போகச் சரியாகிறது.

பதில்: மேலே சொன்ன வீக்கங்களைவிட எனக்குக் கவலை தருவது இதுவே. கீழ் மூட்டுகளின் தேய்மானம் வெளியே தெரியாமலே முற்றும். கழற்றிய லாடத்தை எறிந்துவிடாமல் பாருங்கள்: வலிக்கும் காலைக் குதிரை உயரத் தூக்காமல் இழுப்பதால் லாடத்தின் முனை தேய்ந்திருக்கும். மருத்துவர் காலை ஒரு நிமிடம்போல் மடக்கிப் பிடித்து, விட்டவுடன் ஓடவைத்துப் பார்ப்பார். ஹாக்கும் முழங்காலும் சேர்ந்தே மடங்கும்படி அமைந்திருப்பதால், அந்தச் சோதனையை மட்டும் வைத்து வலி எங்கே என்று முடிவு செய்யலாகாது. மூட்டை மரக்கச்செய்து உறுதிப்படுத்த வேண்டும். மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசியும், அளவறிந்து கொடுக்கும் வலிமருந்தும், அன்றாட மிதமான நடையும் உதவும். லாயத்திலேயே கட்டிவைத்தால் விறைப்பு கூடும். காலப்போக்கில் அந்த எலும்புகள் ஒன்றோடொன்று இணைந்துவிட்டால் வலி தணிவதுண்டு; அவை அதிகம் அசையாத மூட்டுகள் என்பதால் நடை பெரிதாகக் கெடாது.

கேள்வி: ஆடி மாதம் அந்தியூர்ச் சந்தையில் குதிரை வாங்கவிருக்கிறேன். எதைப் பார்ப்பது?

பதில்: சுழி பார்க்கும் நேரத்தில் பாதியையாவது பின்னங்கால்களுக்குக் கொடுங்கள். உதை எட்டாத தூரத்தில் பின்னால் நின்று இரண்டு ஹாக்கையும் ஒப்பிடுங்கள். காலையில் கட்டை அவிழ்க்கும் நேரத்திலேயே போய், முதல் பத்து அடியைப் பாருங்கள்; உடம்பு சூடேறிய பிறகு காட்டும் ஓட்டத்தில் இந்த விறைப்பு மறைந்துவிடும்.