கரடியை ஏன் காட்டில் விடவில்லை?

வணக்கம். தெருவில் வித்தை காட்டவைத்த கரடிகளை மீட்டு வைத்திருக்கும், பெங்களூரு பக்கத்துப் பன்னேர்கட்டா கரடி மையம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். மூக்குக் கயிற்றை அறுத்த பிறகும் அவை வேலிக்குள்தானே இருக்கின்றன? பக்கத்திலேயே காடு. திறந்துவிடக் கூடாதா? இதுவும் சிறைதானே?
சுமதி, ஜெயநகர், பெங்களூரு

அன்புள்ள சுமதி,

அந்த வேலி எனக்கும் உறுத்துகிறது. ஆனால் வித்தைக் கரடியைத் திறந்துவிட்டால் அது செத்துப்போகும்.

கரடிக்குட்டி இரண்டு வருடம் போலத் தாயோடு திரியும், சின்னதில் தாயின் முதுகிலேயே ஏறிக்கொண்டு போகும். எந்த மரம் எப்போது பழுக்கும், புற்றைக் கிளறிக் கறையானை எப்படி உறிஞ்சுவது என்பதெல்லாம் அப்போதுதான் பழகுகிறது. வித்தைக் கரடிக்கு அந்தக் காலமே கிடைக்கவில்லை. தாயைக் கொன்றுதான் குட்டியை எடுப்பார்கள். அப்புறம் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் மூக்கில் துளை, அதில் கயிறு, கோரைப்பற்களையும் உடைத்துவிடுவார்கள். மீட்கப்பட்டதில் பலவற்றுக்குக் கண் தெரியாது. பசித்தால் ஊருக்குள்தான் வரும், ஊர் அதை என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும். கண்ணியில் சிக்கிக் காயம் ஆறிய காட்டுக் கரடி என்றால் வேறு கதை, அதைத் திரும்ப விடலாம், விடுகிறார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1972லேயே வனவிலங்குச் சட்டம் வந்தும் கரடி வித்தை பல வருடங்கள் தெருவில் நடந்தது. குழந்தைக்குப் பயம் தெளியும் என்று கரடி மேல் உட்காரவைத்ததும், அதன் முடியைத் தாயத்தில் அடைத்துக் கட்டியதும் நம் வீட்டுப் பெரியவர்கள்தான். கார்த்திக் சத்யநாராயணும் கீதா சேஷமணியும் 1995இல் தொடங்கிய வைல்ட்லைஃப் எஸ்ஓஎஸ் என்ற விலங்கு மீட்பு அமைப்பு, கரடிகளை வாங்கிக்கொண்டதோடு நிற்காமல், கரடி வித்தை காட்டிப் பிழைத்த கலந்தர் குடும்பங்களுக்கு வேறு தொழில் தொடங்கப் பணம் கொடுத்தது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியது. வெறுமனே பறிமுதல் செய்திருந்தால் அவர்கள் அடுத்த குட்டியைத் தேடித்தான் போயிருப்பார்கள், வயிறு இருக்கிறதே. அறுநூறுக்கும் மேற்பட்ட கரடிகள் இப்படி வந்து சேர்ந்தன. கடைசி வித்தைக் கரடி ராஜு, 2009 டிசம்பரில் பன்னேர்கட்டாவுக்குத்தான் வந்தது.

சர்க்கஸிலிருந்து மீட்ட சிங்கம் புலிகளுக்கும் பன்னேர்கட்டாவில் இடம் கொடுத்தார்கள். அவற்றைக் குட்டி போட விடவில்லை. இருப்பவை ஆயுள் முடியும்வரை நிம்மதியாகத் தின்று தூங்கட்டும், புதிதாக ஒன்று கூண்டில் பிறக்க வேண்டாம் என்பதுதான் ஏற்பாடு. சிறை இப்படி நடக்காது, சுமதி.

உதவ நினைத்தால் வயதான, பார்வையில்லாத கரடி ஒன்றின் கூழுக்கும் மருந்துக்கும் மாதாமாதம் முடிந்ததைக் கொடுங்கள். ஒரு தடவை கொடுத்துவிட்டு மறந்துவிட வேண்டாம், கரடி முப்பது வருடம்கூட இருக்கும்.