லெந்தும் மோர் மிளகாயும்

அன்புள்ள ஐயா,

காட்பாடியிலிருந்து எழுதுகிறேன். வயது 26. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். அப்பா ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்த வருடம் சாம்பல் புதன் அன்று, பிப்ரவரி 18, ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான லெந்து முடியும்வரை வீகனாக இருப்பது என்று முடிவு செய்தேன். கறி, மீன், முட்டையோடு பால், தயிர், நெய்யும் கிடையாது. இன்று பதிமூன்றாம் நாள்.

கறியை விட்டது பெரிதாகத் தெரியவில்லை. காலைக் காப்பிதான் கொல்கிறது. அம்மா, "கறி வேணாம்னா சரி. பால் இன்னாடா பாவம் பண்ணுச்சு? இது எந்த ஊரு லெந்து?" என்கிறார். கேட்டுக்கொண்டே எனக்குத் தனியாகச் சமைக்கவும் செய்கிறார். ஆபீஸ் நண்பன் என் ஷூவைக் காட்டி, "கால்ல மாடு, தட்டுல கீரையா?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. நான் செய்வது நோன்பா, வீடியோ பார்த்து வந்த ஆசையா? நாற்பது நாள் பால் இல்லாவிட்டால் உடம்புக்கு ஏதாவது ஆகுமா?

ஜெ., காட்பாடி

அன்புள்ள ஜெ.,

மூன்று வருடம் முன்பு நானும் இதே வேலையைச் செய்து பார்த்தேன். பால் இல்லை, தயிர் இல்லை என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். தயிர்ச்சோறு போய்விட்டதால் ராத்திரி வெறும் ரசச் சோறு. தொட்டுக்கொள்ள வீட்டில் காய வைத்த மிளகாய், எண்ணெயில் கருகப் பொரித்து, நாலைந்து. பத்து நாள் இப்படிப் போனது. பதினோராம் நாள் என் மனைவி பொரித்ததைத் தட்டில் போட்டுவிட்டு, "ஏங்க, இதும் பேரு இன்னா, சொல்லுங்க" என்றாள். "மோர் மிளகா…" என்று தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். அவள் முதல் நாளே கவனித்திருக்கிறாள். எத்தனை நாள் போகிறது பார்க்கலாம் என்று இருந்தாளாம்.

ஆகவே நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டல் பொங்கலில் நெய் இருக்கும், பிஸ்கட்டில் பால் பவுடர் இருக்கும். இந்த வருடம் ரமலானும் அதே வாரத்தில் தொடங்கியிருக்கிறது. மேல்விஷாரம் பக்கத்து நண்பர் யாராவது நோன்புக் கஞ்சி கொடுத்துவிட்டால், கறி போட்டதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

எந்த ஊர் லெந்து என்று அம்மா கேட்டதற்கு, கோட்டயத்து லெந்து என்று சொல்லுங்கள். நாங்கள் பாகாயத்தில் குடியிருந்தபோது மாடியில் இரண்டு மலையாள நர்ஸ்கள் வாடகைக்கு இருந்தார்கள். இருவரும் சிரியன் ஆர்த்தடாக்ஸ். நோன்புக்கு முந்தின ஞாயிறு அவர்களுக்கு 'பேத்துர்த்தா'. அன்றைக்கு மாடியிலிருந்து தேங்காய்க் கீற்றுப் போட்டு மாட்டுக்கறி வறுக்கிற வாசனை தெருமுனை வரை வரும். அதோடு சரி. பிறகு ஈஸ்டர் வரை 'அம்பது நோயம்பு'. கறி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. நைட் டியூட்டி முடித்துக் காலை எட்டரை மணிக்கு வந்து, கட்டன் சாயாவும் கஞ்சியும் பயறும் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார்கள். என் மனைவி பாவம் பார்த்து ஒரு டம்ளர் பால் கொண்டுபோனாள். கதவைப் பாதி திறந்து, "நோயம்பாணு சேச்சி" என்று சிரித்தார்கள். வீகன் என்ற சொல்லை அந்தப் பெண்கள் என் காதுபட ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அந்தச் சொல்லுக்கு வயது ரொம்பக் கம்மி. 1944-ல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவர் கூட்டாளிகளும் உண்டாக்கியது.

எத்தியோப்பியாவின் பழைய சபையில் 55 நாள் இப்படித்தான். ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் லெந்தில் பாலுக்கும் முட்டைக்கும் தடை இருந்தது. அதனால்தான் சாம்பல் புதனுக்கு முந்தின நாள் வீட்டில் இருக்கிற முட்டையையும் வெண்ணெயையும் தோசை மாதிரி சுட்டுத் தீர்ப்பார்கள். ஆனால் கோழிக்கு லெந்து தெரியாது. அது பாட்டுக்கு முட்டை போடும். சேர்ந்துபோன முட்டையெல்லாம் ஈஸ்டருக்கு வெளியே வந்தது.

அப்படியானால் நம் வீடுகளில் ஏன் இது இல்லை? எனக்கு ஒரு ஊகம் உண்டு. நம் பக்கத்து சபைகளில் பல, ஸ்கடர் சகோதரர்கள் 1853-ல் தொடங்கிய ஆற்காடு மிஷனின் பிள்ளைகள். அவர்கள் அமெரிக்க ரிஃபார்ம்ட் (சீர்திருத்த) சபைக்காரர்கள். அந்த மரபின் ஆரம்பக் கதையே லெந்தில் கறி தின்ற கதைதான். 1522-ல் சூரிக் நகரத்தில் ஃபிரோஷவர் என்ற அச்சுக்கூடக்காரர் வீட்டில், நோன்புக் காலத்தில், வேலையாட்கள் சாசேஜ் தின்றார்கள். பெரிய ரகளையானது. அங்கே உட்கார்ந்திருந்த பாதிரியார் உல்ரிச் ஸ்விங்லி தான் தின்னவில்லை. ஆனால் தின்றவர்களுக்காகப் பிரசங்க பீடத்தில் ஏறிப் பேசினார். நோன்பிருக்க விருப்பமா, இரு. விருப்பமில்லையா, விடு. வேதத்தில் இல்லாத கட்டாயத்தைப் போடாதே. அந்த வழியில் வந்த நமக்கு, வெள்ளிக்கிழமை கறி இல்லை, பெரிய வெள்ளியன்று மூன்று மணி ஆராதனை முடிகிறவரை பட்டினி, பிறகு கோயிலில் ஊற்றுகிற கஞ்சி என்ற அளவில் நின்றுவிட்டது. உங்கள் அம்மா விசித்திரமாகப் பார்ப்பதில் தப்பே இல்லை.

நோன்பா, ஆசையா என்ற கேள்விக்கு வருகிறேன். எனக்கு இடிக்கிற இடம் வேறு. மாடி நர்ஸ்கள் பாலைக் கெட்டது என்று விடவில்லை. நல்லது, பிடித்தது, அதனால் விட்டார்கள். ஈஸ்டர் காலையில் அது திரும்ப வரும். வீகன் கொள்கைக்காரருக்கு அப்படியில்லை. கன்றுக்குச் சேர வேண்டியதை நாம் எடுத்துக்கொள்கிறோம் என்பது அவர் கட்சி. அவருக்குப் பால் தவறு. நாற்பது நாளைக்கு மட்டும் நான் திருடப்போவதில்லை என்று ஒருவன் சொன்னால் சிரிக்க மாட்டோமா? தவறு என்று நம்பினால் ஈஸ்டருக்குப் பிறகும் தொடக் கூடாது. நல்லது என்று நம்பினால், விடுவது காணிக்கை. இரண்டும் மரியாதையான விஷயம்தான். உங்கள் கடிதத்தில் இரண்டும் ஒரே டம்ளரில் ஊற்றிக் கலக்கப்பட்டிருக்கிறது.

இது தெளிந்தால் ஷூவுக்கும் பதில் கிடைத்துவிடும். நோன்பு என்றால், அது வாய்க்குப் போட்ட பூட்டு. ஷூ அதில் வராது. கொள்கை என்றால் நண்பன் சொன்னது சரி. ஷூவும் பெல்ட்டும் போக வேண்டும். ஆனால் நம் ஊரில் அது அவ்வளவு லேசான காரியமா? உங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது தோலில். ராணிப்பேட்டையும் ஆம்பூரும் வாணியம்பாடியும் சோறு தின்பது தோலில். அதே தோல் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்பதற்கு, வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பே இருக்கிறது. கெடுத்தவன் காசு கொடு என்று சொன்ன தீர்ப்பு. இதைப் பற்றி அப்பாவிடம் ஒரு நாள் உட்கார்ந்து பேசுங்கள். ஆபீஸ் நண்பனை விட அவருக்கு அதிகம் தெரியும்.

உடம்பைப் பற்றி நான் அதிகம் பயப்பட மாட்டேன். பி12 சத்து மட்டும் செடியில் கிடைக்காது. ஆனால் கல்லீரல் அதை வருடக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கும். நாற்பது நாளில் ஒன்றும் தீர்ந்துவிடாது. ஏற்கெனவே குறைவு என்று சொல்லியிருந்தாலோ, ஈஸ்டர் தாண்டியும் தொடர்வதாக இருந்தாலோ, ரத்தம் சோதித்து டாக்டரிடம் கேட்டு மாத்திரை போட வேண்டும். சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு போதும். 100 கிராமில் ஏறத்தாழ 340 மில்லிகிராம்.

அம்மா தனியாகச் சமைக்கிறார் என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். நான் அங்கேதான் நின்றுவிட்டேன். உபவாசத்தில் முகவாடலாய் இருக்காதே என்று மத்தேயுவில் இருக்கிறது. உங்கள் முகம் பளிச்சென்று இருக்கலாம். இரண்டு குழம்பு வைக்கிறவரின் முகம்? தனிச் சமையலை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். நம் பக்கத்துச் சமையலில் முக்கால்வாசி ஏற்கெனவே உங்கள் கட்சிதான். களி, கீரைக் கடைசல், காராமணிக் குழம்பு, மல்லாட்டை என்கிற வேர்க்கடலைச் சட்னி. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் வாங்கி எண்ணெய்க் கத்திரிக்காய் வையுங்கள். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை நாங்கள் இங்கே பட்டம் வாங்கின பிள்ளையைப் போலச் சொல்லித் திரிகிறோம். இடிக்கிற இடம் இரண்டுதான். காலைக் காப்பி, கடைசித் தயிர்ச்சோறு. அந்த இரண்டையும் நீங்களே செய்துகொள்ளுங்கள்.

தயிருக்கு, ராத்திரி இரண்டு கைப்பிடி மல்லாட்டை ஊறப்போடுங்கள். காலையில் தோலைத் தேய்த்து எடுத்துவிட்டு, மிக்சியில் தண்ணீர் விட்டு அரைத்து, வெள்ளைத் துணியில் பிழியுங்கள். பச்சை வாடை போகிறவரை கிளறிக் காய்ச்ச வேண்டும். விட்டால் அடி பிடிக்கும். விரல் வைக்கிற சூட்டுக்கு ஆறியதும் நாலைந்து பச்சை மிளகாய்க் காம்பைக் கிள்ளிப் போட்டு மூடிவையுங்கள். காம்பில் ஒட்டியிருக்கிற கிருமியே உறை. முதல் தடவை நீர்த்து, லேசாகப் புளித்து வரும். அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அடுத்த தடவை உறை ஊற்றினால் கெட்டியாக நிற்கும். கடுகு தாளித்துச் சோற்றில் பிசைந்தால் சாப்பிடலாம். அதே பாலைக் காப்பியில் ஊற்றாதீர்கள். நான் ஊற்றினேன். மல்லாட்டை வாசனையில் டிகாக்‌ஷன் காணாமல் போய்விட்டது. வெல்லம் போட்ட கடுங்காப்பிதான் உத்தமம். மூன்றாவது நாள் நாக்கு பழகிவிடும்.

இன்னொன்று. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை எண்ணிப் பாருங்கள், 46 நாள் வரும். நாற்பது என்று சொல்வது ஆறு ஞாயிறுகளைக் கழித்துத்தான். மேற்குச் சபைகளின் கணக்கில் ஞாயிறு நோன்பு நாளே இல்லை. வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் போகுமுன் அம்மா கையால் ஒரு டம்ளர் பால் காப்பி வாங்கிக் குடிக்கலாம். மாடி நர்ஸ்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சூரிக்காரர்கள் இன்னொரு டம்ளர் கேட்பார்கள்.