நிலாவில் கோப்பர்நிக்கஸ் பள்ளம்: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: இந்தப் பள்ளத்துக்குப் பெயர் வைத்தது யார்?

ரிச்சோலி என்ற இத்தாலியப் பாதிரியார், 1651இல். படம் வரைந்தது அவருடைய சபையைச் சேர்ந்த கிரிமால்டி, பெயரிட்டது இவர். அதற்கு முன்பே இதற்கு வேறு பெயர்கள் இருந்தன. நிலாப் படம் வரைந்த வேறு இருவரில், 1645இல் லாங்ரேனஸ் ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப்பின் பெயரை வைத்தார், ஹெவேலியஸ் எட்னா மலை என்றார். இரண்டுமே நிலைக்கவில்லை.

கேள்வி: பணம் கட்டினால் நிலாவில் என் மகள் பெயரை வைக்கலாமாமே?

முடியாது. பெயரை ஏற்பது சர்வதேச வானியல் ஒன்றியம் மட்டும்தான், அது பெயரை விற்பதில்லை. ஆளின் பெயர் என்றால் அவர் இறந்து 3 ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும்.

கேள்வி: சின்னத் தொலைநோக்கியில் தெரியுமா?

நன்றாகவே தெரியும், 93 கிலோமீட்டர் அகலம் ஆயிற்றே. வளர்பிறை நவமி, தசமி வாக்கில் பாருங்கள். அப்போதுதான் அங்கே பொழுது விடியும். உள்ளே இன்னும் கன்னங்கரேலென்று இருக்க, வெயில் பட்ட விளிம்பு மட்டும் வளையமாக மின்னும், கொஞ்ச நேரம் பொறுத்திருந்தால் நடுவில் உள்ள குன்றுகளின் உச்சிகள் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வரும். பௌர்ணமியில் பார்த்தால் நிழலே இருக்காது, ஆழம் தெரியாது.

கேள்வி: சான்றிதழ் கொடுத்து நிலாப் பள்ளத்துக்குப் பெயர் வைக்கிறார்களே, அது செல்லுமா?

மேலே சொல்லிவிட்டேன். செல்லாது, பணத்தைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்ற கோப்பர்நிக்கஸை ரிச்சோலி எதிர்த்தவர் அல்லவா? அப்புறம் ஏன் இவ்வளவு அழகான பள்ளத்தைக் கொடுத்தார்?

இதைத்தான் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். இந்தப் பெயர்களை வெளியிட்ட அதே 1651 நூலில் பூமி சுற்றுகிறதா என்று வாதங்களை எண்ணி வைத்திருக்கிறார்: ஆதரவாக 49, எதிராக 77. எதிர்த்தவர்தான், சந்தேகமில்லை. சூரியனை நடுவில் வைத்தவர்களையெல்லாம் நிலாவில் புயல் கடல் என்று பெயர் பெற்ற கருத்த சமவெளியில் தூக்கிப் போட்டுவிட்டதாக அவரே காரணமும் சொன்னார். ஆனால் அந்தச் சமவெளியில்தான் கோப்பர்நிக்கஸ், கெப்ளர், அரிஸ்டார்கஸ் மூன்றும் சுற்றிலும் கதிர்கள் பரப்பி, கண்ணில் பட்டே தீரும்படி கிடக்கின்றன.

கேள்வி: அப்படியென்றால் அவர் உள்ளுக்குள் கோப்பர்நிக்கஸ் பக்கம்தானே?

நிலாப் படங்களின் வரலாற்றை எழுதிய விட்டேக்கருக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தென்பக்கத்தில் மிக எடுப்பான பள்ளத்தை டென்மார்க் வானியலாளர் டைக்கோவுக்குக் கொடுத்தார், அவர் சார்ந்திருந்தது டைக்கோவின் அமைப்பைத்தான் (பூமி நடுவில் நிற்கும், சூரியன் அதைச் சுற்றும், கோள்கள் சூரியனைச் சுற்றும்), கொஞ்சம் மாற்றி. ஒருவரின் முடிவை மறுத்துக்கொண்டே அவருடைய உழைப்பை மதிக்க முடியும், அதற்கு இரகசிய நம்பிக்கை எதற்கு?

கேள்வி: கலிலியோவுக்கு மட்டும் ஏன் சின்னப் பள்ளம்?

சரியான இடத்தில் பிடித்தீர்கள், ஆனால் அது ரிச்சோலி செய்ததல்ல. அவர் கலிலியோ பெயரை இட்டது ரெய்னர் காமா என்று இன்று சொல்லும் வெள்ளைத் திட்டுக்கு. அது பள்ளமே அல்ல என்று தெரிந்த பிறகு பெயர் பக்கத்தில் 15 கிலோமீட்டர் பள்ளத்துக்குப் போய்விட்டது. தொலைநோக்கியை முதலில் நிலாப் பக்கம் திருப்பியவர்களில் ஒருவருக்கு அது போதாது என்பதில் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

கேள்வி: பெயர் வாங்க எவ்வளவு ஆகும்?

மூன்றாவது முறை. விற்பனைக்கு இல்லை.