திசைகாட்டிக்குப் போட்ட புள்ளடி

அன்புள்ள ஐயா,

2024 செப்டம்பர் 21ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலில் நான் தமிழ்ப் பொது வேட்பாளரின் சங்குச் சின்னத்துக்கே வாக்களித்தேன். ஆனால் மறுநாள் அநுர குமார திசாநாயக்க வென்றார் என்று அறிவித்தபோது, எனக்குள்ளும் ஒரு மகிழ்ச்சி வந்தது. ஆண்டு பழகிய குடும்பங்கள் எதையும் சேராத ஒருவர் அந்தக் கதிரைக்கு வந்தது பெரிய விடயமாகப் பட்டது. நவம்பர் பொதுத் தேர்தலில் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தை விட்டு, அவருடைய தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிக்குப் புள்ளடி போட்டேன். எங்கள் குடும்பத்தில் அப்படிச் செய்த முதல் ஆள் நான்தான். ஒரு வருடம் ஓடிவிட்டது. “சந்திரிகாவை நம்பினோம், மைத்திரியை நம்பினோம், இப்போது உன் முறை” என்கிறார் அப்பா. “உங்களுக்கு என்ன செய்தாலும் போதாதே” என்று கொழும்பிலுள்ள என் சிங்களத் தோழி வருந்துகிறாள். இருவருக்கும் பதில் சொல்ல முடியாமல் வெட்கப்படுகிறேன். நான் நம்பியது பிழையா? மாகாண சபைத் தேர்தல் வந்தால் என்ன செய்வது?

ஆசிரியை ஒருவர், வவுனியா

அன்புள்ள ஆசிரியைக்கு,

நீங்கள் நம்பியது பிழை அல்ல. அதற்காக நீங்கள் வெட்கப்படுவதுதான் எனக்கு வருத்தம் தருகிறது.

வாக்குகள் சொன்னதை முதலில் பார்ப்போம். 2019இல் 3 வீதமளவே பெற்ற அநுர குமார 2024இல் 42.31 வீதம் பெற்றார். எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால், இலங்கையின் ஜனாதிபதித் தேர்தல் வரலாற்றில் முதல் முறையாக இரண்டாம் விருப்பு வாக்குகளை எண்ண வேண்டி வந்தது. ஆனால் யாழ்ப்பாண மாவட்டத்தில் அவருக்குக் கிடைத்தவை ஏறத்தாழ 27,000 வாக்குகள்தாம். சஜித் பிரேமதாசவும் தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனும் அங்கே ஒவ்வொருவரும் லட்சத்துக்கு மேல் பெற்றார்கள். நவம்பர் 14ஆம் திகதி அதே மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி பெற்றது. உங்கள் வன்னித் தேர்தல் மாவட்டத்தில் இரண்டு கிடைத்தன. பிறகு 2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் வடக்கின் பல சபைகளில் தமிழரசுக் கட்சி மீண்டும் முன்னுக்கு வந்தது. எட்டு மாதத்துக்குள் இப்படி மூன்று விதமாக வாக்களித்த மக்களை ஏமாளிகள் என்று எப்படிச் சொல்வது? தென்னிலங்கை எதைத் தெரிவு செய்கிறது என்று பார்த்து, பழைய தலைமைகள் மீதிருந்த சலிப்பையும் சேர்த்து நிறுத்து, ஒரு வாய்ப்புக் கொடுத்து, பிறகு ஒரு எச்சரிக்கையும் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் புள்ளடியும் அந்தக் கணக்கில் ஒன்று.

உங்கள் அப்பாவின் சொல்லை நான் தட்டிக்கழிக்கவில்லை. 1994 ஜனாதிபதித் தேர்தலில் சந்திரிகா 62 வீதத்துக்கு மேல் பெற்று வென்றபோது, வாக்களிக்கும் வாய்ப்பே பெரும்பாலானோருக்கு இல்லாதிருந்த யாழ்ப்பாணத்தில்கூடக் கடைகளில் ‘சந்திரிகா காப்பு’ விற்றது. இளம்பெண்கள் அதை வாங்கிக் கையில் போட்டுக்கொண்டார்கள். பொருளாதாரத் தடையில் சவர்க்காரத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் அலைந்த ஒரு சனம், சமாதானம் வந்துவிடும் என்று எண்ணிக் காப்பு வாங்கியது. அதைப் பிழை என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. 1995 ஏப்ரலில் திருகோணமலைத் துறைமுகத்தில் கடற்படைப் படகுகளைப் புலிகள் தகர்த்ததோடு அவர்களுக்கும் அரசுக்கும் இடையிலான போர்நிறுத்தம் முடிந்தது. ஒக்டோபர் இறுதியில் அரச படைகள் முன்னேற, ஒரே இரவில் லட்சக்கணக்கானோர் யாழ். குடாநாட்டின் வலிகாமத்தை விட்டு வெளியேறினார்கள். முடிவெடுத்தவர்கள் இரு பக்கத்திலும் இருந்தார்கள். காப்புப் போட்டவர்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

2015இன் கதை வேறு. அந்த ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வாக்குகள் மைத்திரிபால சிறிசேனவுக்குப் போயின. காணாமல் போனோர் அலுவலகத்துக்கான சட்டம் வந்தது, ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் தீர்மானம் வந்தது, புதிய அரசியலமைப்புக்கான பேச்சும் நீண்ட நாள் நடந்தது. ஆனால் எங்கள் பிரதிநிதிகள் அந்த அரசாங்கத்துக்குத் தர்மசங்கடம் ஏற்படுத்தக் கூடாது என்பதில் காட்டிய அக்கறையை, ஒவ்வொரு வாக்குறுதிக்கும் திகதி கேட்பதில் காட்டவில்லை என்பது என் உறுதியான எண்ணம். 2018 ஒக்டோபர் 26ஆம் திகதி மைத்திரிபால, மகிந்த ராஜபக்சவைப் பிரதமராக நியமித்தபோது எல்லாம் ஒரே நாளில் நின்றது. ஆகவே அப்பாவிடம் நீங்கள் சொல்லக்கூடியது இதுதான்: அப்போது மக்கள் நம்பியதில் குற்றம் இல்லை, நம்பிக்கையை ஒரு தலைவரின் நல்ல மனதிடம் ஒப்படைத்துவிட்டு, அவர் தாமாகத் தருவார் என்று காத்திருந்ததுதான் எங்களைக் கெடுத்தது.

இந்த முறை காத்திருக்காமல் கேட்டதால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2025 மார்ச் 28ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தல், வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோர வேண்டும், இல்லாவிட்டால் அது அரச காணியாகும் என்றது. காணி உறுதிகளைப் போரிலும் இடப்பெயர்விலும் தொலைத்தவர்களும், வெளிநாட்டில் இருப்பவர்களும், மரண அத்தாட்சிப் பத்திரம்கூட இல்லாத குடும்பங்களும் மூன்று மாதத்தில் எதைக் காட்டுவார்கள்? எதிர்ப்பு எழுந்தது, நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. பின்னர் அரசாங்கம் அந்த வர்த்தமானியை மீளப் பெற்றது. இதே அரசாங்கம்தான் அந்த அறிவித்தலை வெளியிட்டது, இதே அரசாங்கம்தான் மீளப் பெற்றது. முன்னதை வைத்து அவர்களைப் பகைவர் என்றோ பின்னதை வைத்து நண்பர் என்றோ நான் முடிவு கட்டவில்லை. கேட்டால் அசையக்கூடிய ஓர் அரசாங்கம் என்பது மட்டும் தெரிகிறது. முந்தைய சில அரசாங்கங்கள் கேட்டாலும் அசையவில்லை என்பதால், இதைச் சிறியது என்று ஒதுக்க மாட்டேன்.

உங்கள் தோழிக்கு என்ன சொல்வது என்பதைப் பற்றி அதிகம் யோசித்தேன். இந்த ஆட்சி வந்ததில் அவளுக்குள்ள மகிழ்ச்சி உண்மையானது. 2022இல் எரிபொருள் வரிசையிலும் எரிவாயு வரிசையிலும் நின்றவர்கள், அரகலய என்ற மக்கள் போராட்டத்தில் காலி முகத்திடலுக்குப் போனவர்கள், ஊழலற்ற ஆட்சியைக் கேட்டு வாக்களித்தார்கள். அந்த எதிர்பார்ப்பு எங்களுக்கும் உண்டு. மின்கட்டணம் வவுனியாவுக்கும் மாத்தறைக்கும் ஒன்றுதான். ஆனால் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017 பெப்ரவரியில் இருந்து தொடர்ந்து போராடிவரும் தாய்மாருக்கு, விலை குறைந்ததா என்பதை வைத்து ஆட்சியை அளக்க முடியாது. அவர்களில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். 2025இல் யாழ்ப்பாணத்துச் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் தோண்டத் தோண்ட எலும்புக்கூடுகள் வந்தன, அவற்றோடு ஒரு பிள்ளையின் பாடசாலைப் பையும் வந்தது. அதைப் பார்த்த பிறகு ‘போதும்’ என்று யாரால் சொல்ல முடியும்?

தோழியிடம் இன்னொன்றையும் கேளுங்கள். 1971இலும் 1987 முதல் 1989 வரையும் தெற்கில் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாத இளைஞர்கள் ஆயிரக்கணக்கானோர். இன்று ஆள்பவர்களின் தாய்க்கட்சியான ஜே.வி.பி.யின் தலைவர் ரோகண விஜேவீர, 1989 நவம்பரில் பிடிபட்ட பிறகு கொல்லப்பட்டார். அந்தக் கட்சியின் வன்முறைக்குப் பலியானவர்களும் பலர். ஆனால் மகனைத் தேடி முகாம் முகாமாக அலைந்த சிங்களத் தாய்மார் எத்தனையோ பேர் அந்தக் கட்சியின் குடும்பங்களில் இருக்கிறார்கள். காணாமல் ஆக்கப்படுவது என்னவென்று இந்த ஜனாதிபதிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆகவேதான் இவரிடம் நான் கூடுதலாக எதிர்பார்க்கிறேன். அந்த எதிர்பார்ப்பை மறைக்கவும் மாட்டேன். அதே கட்சி தொடுத்த வழக்கில்தான் வடக்கு, கிழக்கு மாகாணங்களின் இணைப்புச் செல்லாது என்று 2006இல் தீர்ப்பானது என்பதையும் மறக்கவில்லை. இரண்டையும் ஒன்றாக மனதில் வைத்துக்கொண்டே பேசுகிறேன்.

மாகாண சபைத் தேர்தல் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்கு முன்பே, 2017இல் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதற்கான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்ட் மாதம் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு விட்டபோது ஆதரவாக ஒரு வாக்கும் விழவில்லை. பழைய முறையும் இல்லாமல், புதிய முறையும் நடைமுறைக்கு வராமல், தேர்தல் அந்தரத்தில் நிற்கிறது. பழைய முறைக்குத் திரும்ப ஒரு திருத்தச் சட்டம் போதும். 225 பேர் கொண்ட சபையில் 159 ஆசனம் உள்ள அரசாங்கத்துக்கு அது முடியாத காரியம் அல்ல. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவதாகத் தந்த வாக்குறுதியும் அப்படியே நிற்கிறது. 1979இல் வந்த அந்தச் சட்டம் இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

தேர்தல் வந்தால் யாருக்குப் போட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதுவரை பொறுக்க வேண்டாம். வன்னியில் திசைகாட்டியில் தெரிவான இருவரும் உங்கள் வாக்கால் போனவர்கள். அவர்களுக்குப் பெயர் போட்டு, பாடசாலை முகவரி போட்டு, ஒரு கடிதம் எழுதுங்கள்: மாகாண சபைத் திருத்தச் சட்டம் எந்த மாதம் சபைக்கு வரும், பயங்கரவாதத் தடைச் சட்டம் எப்போது நீங்கும், எங்கள் பிரிவில் படையினர் வைத்திருக்கும் காணி எப்போது விடப்படும். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அந்தக் கடிதத்தின் பிரதியை அப்பாவுக்கும் தோழிக்கும் காட்டுங்கள். முடிந்தால் எனக்கும் ஒன்று அனுப்புங்கள், இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்