காலநிலை மாநாடுகள் 30 வருடமாக நடக்கின்றனவே, உருப்படியாக ஏதாவது நடந்ததா, இல்லை வெறும் வார்த்தை விளையாட்டுதானா?

'வார்த்தை விளையாட்டு' என்று மட்டும் நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போயிருப்பேன். நான் மொழிபெயர்ப்பாளன். வார்த்தையை எண்ணிக் கூலி வாங்குகிறவன். அதனால் கொஞ்சம் சுருக்கென்று தைத்துவிட்டது.

அநேகமாக நீங்கள் ஏதோ ஒரு மாநாடு முடிந்த மறுநாள் செய்தி பார்த்திருப்பீர்கள். விடிய விடியப் பேசினார்கள், குறித்த நாளைத் தாண்டி இழுத்தார்கள், கடைசியில் ஒரு சொல்லை மாற்றிவிட்டுக் கை தட்டிக் கலைந்தார்கள். பார்க்கிற யாருக்கும் எரிச்சல் வரும். எனக்கும் வந்திருக்கிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் விஞ்ஞானி இல்லை, எந்த மாநாட்டுக்கும் போனதில்லை, ஐ.நா.வுக்கு வக்காலத்து வாங்கவும் வரவில்லை. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு இவற்றை எரித்தும் சிமென்ட் தயாரித்தும் 1990இல் உலகம் விட்ட கார்பன் டை ஆக்சைடு சுமார் 2,270 கோடி டன். இப்போது 3,700 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. இந்தக் கணக்கோடு யாராவது கீழே சண்டைக்கு வருவதற்கு முன் நானே எழுதிவிட்டேன். கணக்கு தெரிந்துதான் பேசுகிறேன்.

சரி, என் கதைக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் ஓர் அமைப்பு (பெயர் வேண்டாம்) காலநிலை ஒப்பந்தங்களின் முக்கியமான பகுதிகளைக் கல்லூரி மாணவர்களுக்காகத் தமிழில் சிறுநூலாகப் போட முடிவுசெய்தது. 1992இல் ரியோவில் கையெழுத்துக்கு வைத்த உடன்படிக்கை, 1997இன் கியோட்டோ நெறிமுறை, 2015இன் பாரிஸ் ஒப்பந்தம், இவ்வளவுதான். பதினைந்து நாளில் முடித்துத் தருகிறேன் என்று தைரியமாகச் சொல்லிவிட்டேன். பாரிஸ் ஒப்பந்தத்தின் 4ஆம் பிரிவில் மட்டும் நான்கு நாள் உட்கார்ந்துவிட்டேன்.

எல்லாம் 'வேண்டும்' என்ற ஒரு சொல்லால் வந்தது. ஆங்கிலச் சட்ட மொழியில் 'ஷல்' என்றால் கட்டாயம், தப்ப முடியாது. 'ஷுட்' என்றால் செய்வீர்கள் என்று எதிர்பார்க்கிறோம், செய்தால் நல்லது. தமிழில் எழுதும்போது இரண்டுக்கும் கை தானாக 'வேண்டும்' என்றே போடும். 'வரி கட்ட வேண்டும்' என்கிறோம், 'வேளைக்குத் தூங்க வேண்டும்' என்கிறோம். முதலாவது சட்டம், இரண்டாவது அக்கறை. சொல் ஒன்றுதான். பேச்சில் குரலை வைத்துப் புரிந்துகொள்கிறோம், ஒப்பந்தத்துக்குக் குரல் கிடையாது.

அந்த 4ஆம் பிரிவிலோ, ஒரே பக்கத்தில் ஷல்லும் ஷுட்டும் மாறி மாறி வருகின்றன. அதன் 2ஆம் பத்தியைப் பாருங்கள். ஒவ்வொரு நாடும் தன் உமிழ்வுக் குறைப்புத் (வெளியே விடும் வெப்ப வாயுக்களைக் குறைக்கும்) திட்டத்தைத் தயாரிக்க வேண்டும், அறிவிக்க வேண்டும், தொடர்ந்து வைத்திருக்க வேண்டும், இது ஷல். எந்தத் திட்டத்தை? தான் 'நிறைவேற்ற எண்ணியிருக்கும்' திட்டத்தை. அதாவது திட்டம் போடுவது கட்டாயம், போட்ட திட்டத்தில் வெற்றி பெறுவது கட்டாயமில்லை. இந்த ஒரு வாக்கியத்துக்குள் மொத்த பாரிஸ் பேரமும் உட்கார்ந்திருக்கிறது. அதை 'நிறைவேற்ற வேண்டிய திட்டங்களைத் தயாரிக்க வேண்டும்' என்று சரளமாக எழுதிவிட்டால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் உலகத்தில் எந்த நாடும் அதில் கையெழுத்துப் போட்டிருக்காது.

அடுத்து 4ஆம் பத்தி. இதற்கு ஒரு கதை உண்டு. 2015 டிசம்பர் 12, கடைசி நாள். மதியம் இறுதி வரைவு வெளியாகிறது. வளர்ந்த நாடுகள் தங்கள் பொருளாதாரம் முழுவதற்கும் உமிழ்வுக் குறைப்பு இலக்கு வைத்து முன்னிற்க வேண்டும் என்ற இடத்தில், ஷல் என்று அச்சாகியிருக்கிறது. அமெரிக்கத் தரப்பு வழக்கறிஞர்கள் பார்த்துவிட்டார்கள். ஷல் நின்றால் அது சட்டக் கட்டாயம் ஆகிவிடும், அவர்கள் நாடாளுமன்ற மேலவையான செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வாங்கியாக வேண்டும், அது நடக்காத காரியம். கூட்டம் தொடங்காமல் தள்ளிப் போகிறது. மேடைக்கருகில் தலைகள் கூடிக் கூடிக் கலைகின்றன. கடைசியில் கூட்டம் தொடங்கியதும் செயலக அதிகாரி ஒருவர் சின்னச் சின்ன எழுத்துப் பிழைத் திருத்தங்களின் பட்டியலைச் சாவகாசமாக வாசிக்கிறார். அங்கே ஒரு திருத்தம், இங்கே ஒரு திருத்தம், நடுவில் போகிற போக்கில் ஷல் ஷுட் ஆகிவிடுகிறது. மாநாட்டுத் தலைவர் லோரான் ஃபாபியுஸ், ஒப்பந்தம் ஏற்கப்பட்டது என்று கையிலிருந்த சின்னப் பச்சைச் சுத்தியலைத் தட்டிவிட்டார். நிகரகுவா பேச நினைத்தது, சுத்தியல் முந்திக்கொண்டது.

இப்போது சொல்லுங்கள், அந்த இடத்தில் நான் வெறும் 'வேண்டும்' போட்டுவிட்டுப் போவதா? கட்டாயத்துக்கு 'செய்தாக வேண்டும்' என்றும், மற்றதற்கு 'செய்வது எதிர்பார்க்கப்படுகிறது' என்றும் நூல் முழுக்கப் பிரித்துப் போட்டேன். சட்டத் தமிழில் இருக்கும் 'செய்தல் வேண்டும்' பற்றியும் யோசித்தேன். மாணவர்கள் ஏதோ அரசு அறிவிப்பு என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள் என்று விட்டுவிட்டேன். அது தப்பு என்று சொல்கிற சக மொழிபெயர்ப்பாளர்கள் இருப்பார்கள். இருக்கட்டும்.

ஒரு வாரம் கழித்து ஒருங்கிணைப்பாளரிடமிருந்து போன். "சார், ஒரு எடத்துல 'செய்தாக வேண்டும்', இன்னொரு எடத்துல 'எதிர்பார்க்கப்படுகிறது'ன்னு இருக்கே, பசங்களுக்குக் குழப்பமா இருக்கும். எல்லாத்தையும் 'வேண்டும்'னு ஒரே சீரா மாத்திடவா?" பாரிஸ் கதையை அரை மணி நேரம் சொன்னேன். "புரியுது சார், நல்லா புரியுது" என்றார். நூல் வந்தது. எல்லாம் 'வேண்டும்'. ஒரே சீராக.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு நாடுகள் ஏன் இப்படி அடித்துக்கொள்கின்றன என்று கேட்டால், அங்கே ஓட்டெடுப்பு கிடையாது. 1995இல் பெர்லினில் முதல் மாநாடு கூடியபோதே வாக்களிப்பு விதியில் ஒத்துப்போக முடியவில்லை. அந்த விதி வரைவில் சதுர அடைப்புக்குறிக்குள் கிடந்தது (இன்னும் ஒத்துக்கொள்ளாத வாசகத்தை அப்படித்தான் அடைப்பார்கள்), இன்றைக்கும் கிடக்கிறது. ஒவ்வொரு வருடமும் 'அந்த விதி நீங்கலாக மற்ற விதிகளின்படி நடத்துவோம்' என்று சொல்லித்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். ஆகவே எல்லாம் ஒருமித்த கருத்தில்தான் நகர வேண்டும். எண்ணெய் விற்கிற நாடும் கடலுக்குள் போகப்போகிற தீவும் ஒரே வாக்கியத்துக்குத் தலையாட்ட வேண்டும். ஓட்டு இல்லாத இடத்தில் பேரம் பேச மிஞ்சியிருப்பது வினைச்சொல்தான். (ஒருமித்த கருத்து என்றால் ஒருவர்கூட எதிர்க்கக் கூடாது என்று அர்த்தமில்லை என்பார்கள். 2010இல் கான்குனில் பொலிவியா எழுந்து நின்று எதிர்த்தும் தலைவர் பட்ரீசியா எஸ்பினோசா சுத்தியலைத் தட்டினார். ஆனால் அதை அமெரிக்காவிடமோ சவூதியிடமோ செய்ய முடியுமா என்பது வேறு கேள்வி.)

கடுமையான சொல் போட்டே பார்க்கவில்லையா என்றால், போட்டுப் பார்த்தார்கள். கியோட்டோ முழுக்க ஷல்தான். பணக்கார நாடுகள் 1990 அளவிலிருந்து சராசரியாக 5.2 சதவீதம் குறைத்தாக வேண்டும், 2008 முதல் 2012க்குள். அதற்குச் சில மாதங்கள் முன்பே அமெரிக்க செனட், வளரும் நாடுகளுக்குக் கட்டுப்பாடு இல்லாத எதையும் ஏற்காதீர்கள் என்று 95-0 என்ற கணக்கில் தீர்மானம் போட்டிருந்தது. அமெரிக்கா கையெழுத்துப் போட்டது, உறுதிப்படுத்தவே இல்லை. 2001இல் புஷ் கைகழுவினார். நெறிமுறை நடைமுறைக்கு வரவே 2005 ஆனது, அதுவும் ரஷ்யா மனம் வைத்ததால். 2011இல் கனடா விலகுவதாக அறிவித்தது. கடுமையான சொல்லை எழுதி வைத்துவிட்டு ஆட்களைத் தேட வேண்டியதாயிற்று. 2009 கோபன்ஹேகனில் அதுவும் இல்லை. வரைவு ஒரு கட்டத்தில் 200 பக்கம் அளவுக்கு, அடைப்புக்குறிகள் மண்டிப்போய்க் கிடந்தது. கடைசியில் சில தலைவர்கள் ஒரு அறையில் எழுதிய காகிதத்தை மாநாடு 'கவனத்தில் எடுத்துக்கொண்டது'. ஏற்கவில்லை, நிராகரிக்கவும் இல்லை, கவனித்தது!

பாரிஸின் மென்மையான சொற்கள் இந்த இரண்டு அடிகளுக்குப் பிறகு வந்தவை. உங்களைப் போல நானும் அவற்றை ஏமாற்று என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். 1990இல் சிறு தீவு நாடுகள் ஒரு கூட்டணி அமைத்துக்கொண்டன. உலகின் சராசரி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையிலிருந்து 1.5 டிகிரிக்கு மேல் உயரக் கூடாது என்று அவை கேட்டபோது பெரிய நாடுகள் காது கொடுக்கவில்லை. பாரிஸில் 2ஆம் பிரிவில் அந்த எண் நுழைந்தது, 'முயற்சிகளை மேற்கொள்வது' என்ற நொண்டி வினையோடு. அந்த எண்ணைப் பற்றி அறிக்கை எழுதித் தருமாறு அங்கேயே ஐ.நா.வின் காலநிலை விஞ்ஞானிகள் குழுவைக் கேட்டார்கள். 2018இல் போலந்தின் கட்டோவிசேயில் கூடிய மாநாட்டில் அந்த அறிக்கையை 'வரவேற்கிறோம்' என்று எழுத அமெரிக்கா, சவூதி, ரஷ்யா, குவைத் நான்கும் விடவில்லை. வேண்டுமானால் 'கவனத்தில் கொள்கிறோம்' என்று போடுங்கள் என்றன. ஒரு வரவேற்புக்கே இத்தனை பயம்! பிறகு, பசிபிக்கில் சட்டம் படித்த சில மாணவர்கள் 2019இல் தொடங்கிவைத்த யோசனையை வனுவாட்டு நாடு கையில் எடுத்து ஐ.நா. பொதுச்சபை வழியாக சர்வதேச நீதிமன்றம் வரை கொண்டுபோனது. 2025 ஜூலையில் நீதிமன்றம் கருத்துச் சொன்னது: நாடுகள் ஒத்துக்கொண்ட முதன்மையான வெப்ப இலக்கு 1.5 டிகிரிதான், திட்டத்தில் இஷ்டத்துக்கு எதையாவது எழுதிக்கொடுத்துவிட்டு ஒதுங்க முடியாது, தகுந்த கவனத்தோடு செயல்படும் கடமை உண்டு. அது ஆலோசனைக் கருத்துதான், யாரையும் நேராகக் கட்டுப்படுத்தாது என்று சொல்ல ஒருவர் வருவார், சரிதான். ஆனால் அந்த எண்ணும் அந்த நொண்டி வினையும் 2015இல் தாளில் ஏறியிருக்காவிட்டால் நீதிபதிகள் எதைப் பிடித்துக்கொண்டு பேசியிருப்பார்கள்?

எல்லா மாற்றமும் இப்படி நல்லதாக முடிவதில்லை. 2021இல் கிளாஸ்கோவில் நிலக்கரியைப் 'படிப்படியாக நிறுத்துவது' என்றிருந்ததை, கடைசி நேரத்தில் இந்தியா 'படிப்படியாகக் குறைப்பது' என்று மாற்றவைத்தது. சீனாவும் அதையே விரும்பியது. தலைவர் அலோக் சர்மா மன்னிப்புக் கேட்கும்போது தொண்டை அடைத்துப் பேச முடியாமல் நின்றார். இதில் எல்லோரும் இந்தியாவைத் திட்டினார்கள். எனக்கு உறுத்தியது வேறு: நிலக்கரி என்ற சொல்லே இந்த 26ஆவது மாநாட்டில்தான் முடிவு ஆவணத்தில் முதன்முதலாக இடம்பிடிக்கிறது. அதுவரை பெயரைச் சொல்லாமலே வைத்தியம் பார்த்திருக்கிறார்கள்.

இன்னொன்று. பெரிய கூட்டங்களில் ஆறு மொழிகளில் உரைபெயர்ப்பு உண்டு. உண்மையான பேரம் நடக்கும் சின்ன அறைகளில் ஆங்கிலம் மட்டும்தான். இரண்டு மூன்று பேரை மட்டும் அனுப்ப முடிகிற நாடு, ஒரே நேரத்தில் பத்து அறைகளில், தனக்கு மூன்றாவது மொழியில், நள்ளிரவில், ஷல்லுக்கும் ஷுட்டுக்கும் காவல் காக்க வேண்டும்.

மொழி என்றதும் ஞாபகம் வருகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரிந்தே எழுதுகிறேன். அந்தச் சிறுநூலுக்கு எனக்குக் காசு வர எட்டு மாதம் ஆனது. ஆங்கில மூலத்தின் வார்த்தைக் கணக்கு என்று பேசியிருந்தோம், வந்தபோது தமிழ் வார்த்தைகளை எண்ணிக் கொடுத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் ஐந்து சொல்லாக வருவது தமிழில் ஒரே சொல்லாக ஒட்டிக்கொள்ளும். மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. கேட்டால், "நீங்க கொடுத்தது இவ்வளவு வார்த்தைதானே சார்?" அட்டை வரைந்தவர் பெயர் இருக்கிறது, அச்சகத்தின் பெயர் இருக்கிறது, மொழிபெயர்த்தவன் பெயர் இல்லை. சரி, அந்த 'வேண்டும்'களுக்கு மேல் என் பெயர் இல்லாததும் ஒருவகையில் நல்லதுதான் என்று தேற்றிக்கொண்டேன்.

தேர்வுக்காகத்தான் கேட்டீர்கள் என்றால் 1992, 1997, 2009, 2015 இந்த நாலு வருடத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். நூலகத்தில் பச்சை அட்டை போட்ட, யார் மொழிபெயர்த்தது என்றே இல்லாத ஒரு சிறுநூல் கண்ணில் பட்டால் எடுத்துப் படிக்கலாம். 31ஆம் பக்கத்து 'வேண்டும்'களை மட்டும் நம்பாதீர்கள்.