கலிஃபோர்னியாவில் எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளின் உயர்நிலைப் பள்ளிப் பாடங்களை எப்படித் திட்டமிடுவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட வகையில் முதலில் சொல்லிவிடுகிறேன். மகள் எட்டாம் வகுப்பில் இருக்கிறாள், ஒன்பதாம் வகுப்புக்கான பாடத் தேர்வுப் படிவம் வீட்டுக்கு வந்துவிட்டது, நீங்கள் இருவரும் தமிழ்நாட்டில் படித்தவர்கள் என்பதால் அதில் எதைக் குறிப்பது என்று தெரியவில்லை, தனியார் ஆலோசகர் ஒருவர் நான்கு ஆண்டுகளுக்குச் சேர்த்து ஆயிரக்கணக்கான டாலர் கேட்கிறார். நான் கல்வி ஆலோசகர் அல்லள். என் மூத்த மகள் இப்போது கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகம் ஒன்றில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மகன் பத்தாம் வகுப்பில் இருக்கிறான். மகளுக்குச் செய்த தவறுகளால்தான் மகனுக்குக் கொஞ்சம் தெளிவாக வழிகாட்ட முடிகிறது.

நம்மைப் போன்றவர்களுக்கு முதல் தடை நம் சொந்த அனுபவமே. நான் பிளஸ் டூ எழுதிய 1996இல் 1,200 மதிப்பெண்ணும் அதன் பிறகு வந்த நுழைவுத் தேர்வும்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தன. அதற்கு முந்தைய ஆண்டுகளில் எப்படிப் படித்தோம் என்று எவரும் கேட்கவில்லை. கடைசி ஓராண்டு உயிரைக் கொடுத்துப் படித்தால் கரையேறிவிடலாம். அந்த நினைப்போடுதான் இங்கேயும் பல பெற்றோர், பதினோராம் வகுப்பில் எஸ்.ஏ.டி. என்ற கல்லூரிச் சேர்க்கைத் தேர்வுக்கான பயிற்சியில் சேர்த்துவிட்டால் போதும் என்று இருக்கிறார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகமோ, இங்கே எல்லோரும் சொல்வதுபோல் யூ.சி.யோ, எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணைச் சேர்க்கைக்குக் கணக்கில் எடுப்பதையே நிறுத்திவிட்டது. அவர்கள் பார்ப்பது மாணவர் எந்தெந்தப் பாடங்களை எடுத்தார், அவற்றில் என்ன கிரேடு பெற்றார், அவர் படித்த பள்ளியில் எவையெல்லாம் கிடைத்தன என்பவற்றைத்தான். ஆகவே உங்கள் கையில் இருக்கும் அந்தப் படிவத்தை நுழைவுத் தேர்வின் முதல் பக்கமாகவே எண்ணிக்கொள்ளுங்கள்.

யூ.சி.யும் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகமும் 'ஏ முதல் ஜி வரை' என்று வகைக்கு ஓர் எழுத்தாகப் பிரித்த பாடத் தொகுதியைக் கேட்கின்றன. வரலாறும் சமூக அறிவியலும் இரண்டு ஆண்டு, ஆங்கிலம் நான்கு, கணிதம் மூன்று, ஆய்வகத்தோடு கூடிய அறிவியல் இரண்டு, ஆங்கிலம் அல்லாத மொழி இரண்டு, ஓவியம், இசை, நாடகம் போன்ற கலை ஒன்று, விருப்பப் பாடம் ஒன்று என்று மொத்தம் 15 ஆண்டுப் பாடங்கள். ஒவ்வொன்றிலும் 'சி' கிரேடு அல்லது அதற்கு மேல் வேண்டும். இந்தப் பதினைந்தில் பதினொரு பாடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குவதற்குள் முடித்திருக்க வேண்டும். இவை குறைந்தபட்ச எண்ணிக்கைகள்தாம். கணிதத்தில் நான்கும் அறிவியலிலும் மொழியிலும் மும்மூன்றும் பரிந்துரைக்கப்படுகின்றன. பள்ளி இறுதிச் சான்றிதழுக்கு மாநிலம் வைத்திருக்கும் குறைந்தபட்ச நிபந்தனை இதைவிடச் சிறியது. கணிதத்தில் இரண்டே ஆண்டு. பள்ளிப்படிப்பை முடிப்பதும் யூ.சி.க்கு விண்ணப்பிக்கத் தகுதி பெறுவதும் வேறு வேறு என்பதைப் பல குடும்பங்கள் பன்னிரண்டாம் வகுப்பில்தான் அறிகின்றன. உங்கள் பள்ளியின் எந்தப் பாடம் எந்த எழுத்தின் கீழ் ஏற்கப்படுகிறது என்ற பட்டியல் யூ.சி.யின் தளத்தில் பள்ளிவாரியாக இருக்கிறது. பாடத்தின் பெயரை நம்பாமல் அந்தப் பட்டியலைப் பாருங்கள்.

திட்டத்தின் முதுகெலும்பு கணிதம். மற்ற பாடங்களை முன்னும் பின்னும் நகர்த்தலாம். கணிதத்தில் ஒன்றை முடிக்காமல் அடுத்ததற்குப் போக முடியாது. எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 முடித்தவர் ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா 2, பிரீகால்குலஸ் வழியாகப் பன்னிரண்டில் கால்குலஸ் எடுப்பார். ஒன்பதாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 தொடங்குபவர் பிரீகால்குலஸில் நிற்பார். சில பள்ளி மாவட்டங்களில் இதையே மேத் 1, 2, 3 என்று பிரித்திருப்பார்கள். பொறியியலோ கணினி அறிவியலோ படிக்கும் எண்ணம் இருந்தால் கால்குலஸ் வரை போவது நல்லது. வேறு துறை என்றால் அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒன்பதாம் வகுப்பில் எந்தக் கணிதத்தில் உட்கார வைக்கிறார்கள் என்பது ஆசிரியரின் மனப்போக்கைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது என்று 2015இல் மாநிலம் சட்டமே இயற்றியது. உங்கள் மாவட்டத்தின் எழுத்துபூர்வமான கொள்கையைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. இன்னொன்று: அல்ஜீப்ரா 2க்குப் பதிலாகத் தரவு அறிவியல் எடுத்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அது ஈடாகாது என்று யூ.சி. 2023இல் தெளிவுபடுத்திவிட்டது.

இந்தக் கணித வரிசையில்தான் நான் முதல் தவறைச் செய்தேன். மகள் எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1ஐ நன்றாக முடித்தாள். கோடையில் ஜியோமெட்ரியையும் முடித்துவிட்டால் ஒன்பதில் நேராக அல்ஜீப்ரா 2க்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டு, இணையவழி வகுப்பு ஒன்றில் பணம் கட்டிச் சேர்த்தேன். தோழிகள் நீச்சல் குளத்தில் இருந்த ஆறு வாரங்கள் அவள் தேற்றங்களோடு உட்கார்ந்திருந்து 'ஏ' வாங்கினாள். ஆகஸ்டில் சான்றிதழோடு பள்ளிக்குப் போனபோது, முன்அனுமதி பெறாமல் வெளியில் படித்த பாடத்தை ஏற்பதில்லை என்று பணிவாகச் சொல்லிவிட்டார்கள். படித்த அதே ஜியோமெட்ரியை அந்த ஆண்டு முழுவதும் அவள் மறுபடியும் படித்தாள். பள்ளியின் மேல் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்த விதி அவர்களுடைய பாடக் கையேட்டிலேயே இருந்தது, நான்தான் படிக்கவில்லை. அன்று முதல் எங்கள் வீட்டில் பள்ளிக்கு வெளியே எந்தப் பாடம் என்றாலும் பிள்ளைகளின் பாடத் தேர்வைக் கவனிக்கும் பள்ளி அலுவலரான கவுன்சலருக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பிப் பதிலை வாங்கிக்கொண்டுதான் பணம் கட்டுகிறோம்.

அடுத்து, நம் சமூகத்தில் அதிகம் பேசப்படும் ஏ.பி. பாடங்கள். கல்லூரி நிலைப் பாடத்தைப் பள்ளியிலேயே படித்து மே மாதத்தில் தேர்வு எழுதி 1 முதல் 5 வரை மதிப்பெண் பெறும் ஏற்பாடு இது. எத்தனை எடுத்தால் நல்லது என்ற கேள்விக்குப் பண்டிகை விருந்துகளில் நீங்கள் கேட்கும் விடை ஒவ்வோர் ஆண்டும் இரண்டு கூடும். யூ.சி.யின் கணக்கு அப்படிப்பட்டதன்று. பத்தாம், பதினோராம் வகுப்புகளின் கிரேடுகளைக் கொண்டே அவர்கள் ஜி.பி.ஏ. என்னும் சராசரிப் புள்ளியைக் கணக்கிடுகிறார்கள். 'ஏ' என்றால் 4, 'பி' என்றால் 3, ஏ.பி. பாடத்துக்கு ஒரு புள்ளி கூடுதல். ஆனால் அந்தக் கூடுதல் புள்ளி எட்டு அரையாண்டுகளுக்கு மேல் கிடையாது, அதிலும் பத்தாம் வகுப்பிலிருந்து நான்குக்கு மேல் வராது. அதாவது நான்கு முழு ஆண்டுப் பாடங்களோடு ஜி.பி.ஏ. கணக்கில் ஆதாயம் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் எடுத்த பாடங்களின் கடினத்தை அவர்கள் பார்க்காமல் இல்லை. எனினும் ஐந்தாவது ஏ.பி.யைச் சேர்த்து மற்ற மூன்றில் 'பி' வாங்குவது எந்தக் கணக்கிலும் இலாபமாகாது. ஒன்பதாம் வகுப்பு கிரேடுகள் இந்த ஜி.பி.ஏ.வில் சேராவிட்டாலும், அங்கே 'சி'க்குக் கீழே போனால் 15 பாடக் கணக்கில் ஓட்டை விழும், தனியார் கல்லூரிகள் நான்கு ஆண்டுகளையும் பார்க்கும்.

இதை நான் கற்றது மகளிடம்தான். அவள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது ஒரு ஜனவரி இரவு, சாப்பாட்டு மேசையில் நான்கு கட்டங்கள் வரைந்த தாளை விரித்து, பதினோராம் வகுப்புக் கட்டத்தில் ஆங்கிலம், அமெரிக்க வரலாறு, கணினி அறிவியல், வேதியியல் என்று நான்கு ஏ.பி.களை என் கையெழுத்தில் நிரப்பியிருந்தேன். அவள் ஒன்றும் பேசாமல் தாளின் ஓரத்தில் ஒவ்வொன்றுக்கும் இரவில் ஆகும் வீட்டுப்பாட நேரத்தை எழுதிக் கூட்டிப் பார்த்தாள். பிறகு வேதியியலை அழிப்பானால் அழித்து, அந்த இடத்தில் மட்பாண்டக் கலை என்று எழுதினாள். "இத்தனையும் படிச்சா நான் எப்பம்மா தூங்குறது?" என்றாள். அழிப்பான் துகளை ஊதிவிட்டு எழுந்து போய்விட்டாள். இரண்டு நாள் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் யூ.சி. பட்டியலை எடுத்துச் சரிபார்த்தபோதுதான், அதுவரை அவள் கலைப் பாடம் ஒன்றுகூட எடுக்கவில்லை என்பதும், என் திட்டத்தில் கலைக்குரிய 'எஃப்' கட்டம் கடைசி வரை காலியாகவே இருந்தது என்பதும் தெரிந்தன. பத்தாம் வகுப்பில் ஓர் ஏ.பி., பதினொன்றில் மூன்று என்று எட்டு அரையாண்டுகள் ஏற்கெனவே நிறைந்திருந்ததால், நான் திணித்த நான்காவதால் கூடுதல் புள்ளி எதுவும் வந்திருக்காது. இன்று அவள் படிப்பது பொருளியல், ஏ.பி. வேதியியல் ஏன் இல்லை என்று எவரும் கேட்கவில்லை. அவள் செய்த ஜாடி எங்கள் அடுக்களையில் இருக்கிறது. அதன் மூடி சரியாகப் பொருந்தாது.

மொழிப் பாடத்தில் தமிழுக்கு இடமுண்டா என்பது நம்மில் பலர் கேட்க மறக்கும் கேள்வி. வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் பெற்ற கல்விக்குப் பிறமொழிப் பாடத்துக்குரிய கிரெடிட் வழங்கும் பள்ளி மாவட்டங்கள் இங்கே உள்ளன. உங்கள் மாவட்டம் அவற்றுள் ஒன்றா, எந்த நிலைவரை ஏற்கிறது என்பதை ஒன்பதாம் வகுப்பிலேயே கேளுங்கள், ஏனெனில் அந்த ஒரு கட்டம் காலியானால் இசைக்கோ அறிவியலுக்கோ இடம் கிடைக்கும். ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியிலும் தேர்ச்சி பெற்றவர்களின் பள்ளி இறுதிச் சான்றிதழில் பதிக்கும் இருமொழித் திறன் முத்திரையை நாட்டிலேயே முதலில் கொண்டுவந்தது கலிஃபோர்னியாதான். தமிழுக்கும் அதற்கு முயலலாம்.

இரண்டாண்டுப் படிப்புத் தரும் அரசுக் கல்லூரிகளான சமுதாயக் கல்லூரிகளில் பள்ளி மாணவர்கள் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லாமலே படிக்கலாம். அங்கே ஓர் அரையாண்டில் படிக்கும் பாடம் பள்ளியின் ஓராண்டுப் பாடத்துக்கு ஈடாக எண்ணப்படும். பள்ளியில் இல்லாத பாடங்களுக்கு இது அருமையான வழி. எனினும் அங்கே வாங்கும் கிரேடு கல்லூரிப் பதிவேட்டில் நிரந்தரமாக நிற்கும் என்பதால், விளையாட்டாகச் சேர்க்க வேண்டாம். அதே சமுதாயக் கல்லூரியில் பிளஸ் டூவுக்குப் பின் இரண்டாண்டு படித்து யூ.சி.க்கு மாறும் பாதையையும் இழிவாக நினைக்காதீர்கள். டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள், நிபந்தனைகளை நிறைவேற்றுவோருக்கு இடத்தை உறுதியே செய்கின்றன. நம் விருந்துகளில் இதைச் சொல்லத் தயங்குகிறார்கள், அவ்வளவுதான்.

எஸ்.ஏ.டி.யை முற்றிலும் விட்டுவிடலாமா என்றால், கலிஃபோர்னியாவுக்கு வெளியே விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் கூடாது. எம்.ஐ.டி. 2022இலேயே அதை மீண்டும் கட்டாயமாக்கியது, வேறு சிலவும் பின்தொடர்ந்தன. பதினோராம் வகுப்பில் ஒரு முறை, தேவையானால் இரண்டாம் முறை எழுதினால் போதும். கட்டுரைகளைப் பற்றி இப்போது கவலை வேண்டாம், யூ.சி. எட்டுக் கேள்விகளில் நான்கைத் தேர்ந்து ஒவ்வொன்றுக்கும் 350 சொற்களுக்குள் விடை கேட்கும், அது பன்னிரண்டாம் வகுப்பு இலையுதிர்காலத்து வேலை. இப்போது செய்ய வேண்டியது அவள் பங்கேற்கும் ஒவ்வொன்றையும், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதோடு, ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பது மட்டுமே.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். நீங்கள் எச்1பி வேலை விசாவிலும் மகள் அதைச் சார்ந்த எச்4 குடும்ப விசாவிலும் இருந்தால், நிதித் திட்டத்தைப் பாடத் திட்டத்தோடு சேர்த்தே போடுங்கள். எச்4 மாணவர்களுக்கு மத்திய அரசின் கல்வி நிதியுதவி கிடையாது. வேலை அனுமதி இல்லாததால் ஊதியத்தோடு கூடிய கோடைப் பயிற்சியும் எடுக்க முடியாது. 21 வயது நிறைந்தால் அந்த விசாவில் தொடர முடியாது என்பதால், கிரீன் கார்டு வராத நிலையில் கல்லூரிப் படிப்பின் நடுவிலேயே விசாவை மாற்ற நேரிடும். இதை ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன்பே குடிவரவு வழக்கறிஞரிடம் பேசிவிடுவது, எந்த ஏ.பி. பாடத்தையும்விட முக்கியம்.

ஆலோசகரைப் பொறுத்தவரை, எட்டாம் வகுப்பில் அந்தத் தொகையைக் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அவர் தருவதில் பெரும்பகுதி பள்ளியின் பாடக் கையேட்டிலும் யூ.சி.யின் தளத்திலும் இலவசமாக இருக்கிறது. பள்ளிக் கவுன்சலருக்கு நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் கவனிக்க வேண்டியிருப்பதால் அவராக உங்களைத் தேடி வர மாட்டார். ஆண்டுக்கு இரண்டு முறை, படிவம் வருவதற்கு ஒரு மாதம் முன்பாக, மூன்றே கேள்விகளோடு நேரம் கேட்டுப் போய்ப் பாருங்கள். மகளையே பேசவிடுங்கள்.

இப்போதைய படிவத்தில் நான் குறிப்பவை: அவள் நிலைக்கேற்ற கணிதம், ஆங்கிலம், உயிரியல், மொழி, உடற்கல்வி, ஆறாவது கட்டத்தில் அவளுக்குப் பிடித்த கலைப் பாடம் ஒன்று. மீதி மூன்று ஆண்டுகளைப் பென்சிலால் எழுதி, அடுத்த ஜனவரியில் மறுபடியும் அவளோடு உட்காருங்கள்.