இலங்கைத் தவளைவாயனைப் பகலில் எப்படிக் கண்டுபிடிப்பது? பக்கி என்ற இன்னோர் இரவுப் பறவையிலிருந்து எப்படிப் பிரித்தறிவது?

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியிலும் இலங்கையிலும் வாழும் பறவை இது. இதைப் பார்க்கக் கேரளத்தின் தட்டேக்காடும் இலங்கையின் சிங்கராஜாவும் பெயர்பெற்ற காடுகள்.

நீளம் சுமார் 23 செ.மீ. தான். இரவில் பூச்சி பிடிக்கும். பகலில் மூங்கில் புதர், கொடிப்பின்னல், தாழ்ந்த கிளைகளில் பெரும்பாலும் சோடியாக ஒட்டி உட்கார்ந்திருக்கும். ஆண் சாம்பல் கலந்த பழுப்பு, பெண் செம்பழுப்பு. ஆள் நெருங்கினால் பறக்காது. அலகை மெல்ல மேலே தூக்கி, கண்ணை இடுக்கிக்கொண்டு ஒடிந்த கொம்பு போல விறைத்துவிடும். அதனால் அசைவைத் தேடுபவர்கள் தவறவிடுவார்கள். ஒரே அமர்விடத்தைப் பல நாள் விடாது என்பதால், அந்தக் காட்டை அறிந்த உள்ளூர் வழிகாட்டியே சிறந்த வழி. பக்கியோ தரையில், அல்லது கிளையின் நீளவாக்கில் படுத்திருக்கும்; அதன் அலகு சிறியது. தவளைவாயனின் அலகு அகன்று, நுனி வளைந்தது, நிமிர்ந்து உட்காரும்.

கூடு கட்டும் விதம்தான் விசேஷம். தன் மென்தூவி, பாசி, மரப்பட்டைத் துணுக்குகளால் சின்ன மெத்தை. வெளியே மரப்பாசி ஒட்டியிருக்கும். ஒரே ஒரு வெள்ளை முட்டை. பகலில் ஆண் அடைகாக்கும், இரவில் பெண். குஞ்சு வெளியேறியதும் ஆணே கூட்டைப் பிய்த்தெறிந்துவிடும்.

தென்னிந்தியாவில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை இனப்பெருக்கக் காலம். அப்போது ஒலிப்பதிவு போட்டு அழைப்பதும், படத்துக்காக இலையை ஒதுக்குவதும் கூடவே கூடாது. ஆண் எழும்பினால் முட்டை திறந்து கிடக்கும். அது கண்ணில் படாமல் காக்க வேறெந்த மறைப்பும் இல்லை.